பாஸ்போர்ட்டில் பிறந்த ஊர்

முதல் பிரசவம் தாய்வீட்டில்தான். இதில் எங்கள் பக்கம் பேச்சே கிடையாது. கல்யாணமாகிக் கனடாவுக்குப் போன நானும், அங்கே அத்தனை பெரிய ஆஸ்பத்திரிகள் இருந்தும், ஏழாம் மாசம் தென்காசிக்கு வந்து அம்மா வீட்டில் உட்கார்ந்துகொண்டேன். மகள் இங்கே பிறந்தாள். மகன் நாலு வருஷம் கழித்து அங்கேயே பிறந்தான்; இரண்டாவது பிரசவத்துக்கு யார் ஊருக்குக் கூட்டிப் போகிறார்கள்! அப்புறம் நானும் அவரும் மகளும் கனடாக் குடியுரிமை வாங்கினோம். மகனுக்கு அது பிறக்கும்போதே கிடைத்துவிட்டது.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் நானும் அவரும் தென்காசிக்கே திரும்பிவிட்டோம். போன வருஷம் மகள் உண்டானபோது, இங்கே வந்துதான் பெற வேண்டும் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். அவளும் சரி என்றாள். அறைக்கு வெள்ளையடித்தேன், பழைய வேட்டிகளைத் துவைத்துக் கிழித்து அடுக்கினேன், டாக்டரம்மாவிடம் சொல்லி வைத்தேன்.

ஆறாம் மாசம் வந்து இறங்கினாள். முகமே சரியில்லை. கேட்டால் அலுப்பு என்றாள். மூன்றாம் நாள் நல்ல சாரல். குற்றாலத்தில் ஐந்தருவிப் பக்கம் கூட்டிப்போனேன். நனைய விடவில்லை, காரிலேயே உட்கார்ந்து மிளகாய் பஜ்ஜி தின்றோம். அங்கேதான் சொன்னாள்.

புறப்படுவதற்குப் பத்து நாள் முன்னால் அவளும் தம்பியும் ஒரு சிநேகிதி கல்யாணத்துக்காகப் பக்கத்து நாட்டுக்குக் காரில் போயிருக்கிறார்கள். ஒரே கார், ஒரே நாட்டுப் பாஸ்போர்ட். எல்லையில் அதிகாரி தம்பியுடையதைப் புரட்டிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இவளுடையதில் பிறந்த ஊர் தென்காசி என்று இருந்தது. உள்ளே வரச் சொன்னார்கள். எப்போது குடியுரிமை வாங்கினாய், ஏன் இந்தியா போகிறாய் என்று திரும்பத் திரும்பக் கேள்வி. போனையும் வாங்கிக்கொண்டார்கள். நாலு மணி நேரம். விட்டபோது கல்யாணமே முடிந்துபோயிருந்தது.

எனக்கு வந்ததே கோபம்! "புள்ளத்தாச்சிய உக்கார வச்சா கேள்வி கேப்பானுவ? விளங்குவானுவளா அவனுவ?" என்று கத்தினேன்.

அவள் கத்தவில்லை.

"நீ கோவப்படுத. நான் பயந்துட்டேம்மா. தம்பி வெளிய நின்னான். அவன யாரும் ஒண்ணும் கேக்கல. என் புள்ளையும் அவன மாதிரி வெளியவே நிக்கட்டும். நான் இங்கன பெக்கல."

நம்ம ஊரில் பிறந்தது என்னட்டி குறை என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. அவளா இந்த ஊரைக் கேட்டாள்? நான்தானே வயிற்றைத் தள்ளிக்கொண்டு அத்தனை தூரம் பறந்து வந்தேன். "சரிட்டி" என்று மட்டும் சொன்னேன்.

வளைகாப்பை முடித்து, கை நிறைய வளையலோடு திருவனந்தபுரத்தில் விமானம் ஏற்றிவிட்டோம். கூடப் போக முடியவில்லை. அவருக்கு அப்போதுதான் இருதய ஆபரேஷன் ஆகியிருந்தது. பெத்தவ நீ இருக்கையில் பிள்ளை அங்கே தனியாகவா பெற வேண்டும் என்று சொந்தக்காரர்கள் பிடிபிடியென்று பிடித்தார்கள். அங்கேதான் பெற வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார் என்று பொய் சொன்னேன்.

ஐப்பசியில் ஒரு நாள் காலையில் போன் வந்தது. "அம்மா, பொறந்தாச்சு" என்றாள்.

ஆணா பெண்ணா என்று நான் கேட்கவில்லை. நீ எப்படி இருக்கிறாய் என்றுகூடக் கேட்கவில்லை.

"எந்த ஊரு பேரு எழுதிருக்காவ?" என்றேன்.