கலியபெருமாளுக்கு எழுதிய வாழ்த்து மடல்

"இதுல நான் எங்க மேடம் இருக்கன்?" என்று கேட்டபடி கலியபெருமாள், படித்துப் பார்க்க நான் கொடுத்திருந்த மடலை என் மேஜை மேல் வைத்தார். எனக்கு வந்ததே கோபம்!

சுரங்கத்து டைம் ஆபீசில் வருகைப் பதிவு பார்ப்பது என் உத்தியோகம். டவுன்ஷிப் நூலகத்துக் கதைப் புத்தகங்களை அள்ளி வந்து படிக்கிற பொம்பளை என்று பெயர் வாங்கியதால், ஓய்வு பெறுகிறவர்களுக்கு வாழ்த்து மடல் எழுதுகிற வேலையும் என் தலையில் விழுந்தது. மடல் இல்லாமல் எங்கள் செக்‌ஷனில் ரிட்டையர்மெண்டே கிடையாது. மந்தாரக்குப்பத்துக் கடையில் பிரேம் போட்டு, மேடையில் வாசித்து, மாலையோடு கையில் கொடுப்பார்கள். 'சுரங்கம் ஈன்ற சூரியனே!' என்று ஆரம்பிப்பேன். கைதட்டல் கூரையைப் பிய்க்கும். கிரேன் ஓட்டியவரும் சூரியன், கேன்டீனில் சாம்பார் ஊற்றியவரும் சூரியன். அதுவரை ஒருவரும் ஆட்சேபித்ததில்லை.

"ஏன், சூரியன்னா கசக்குதா?" என்றேன்.

"அதில்ல மேடம். விழாவுக்கு எம் பொண்டாட்டி தனம் வருவா. 'கம்பெனி பஸ்ல ஏறிப் போயி நல்லா தூங்கிட்டு வர்ற'ன்னு இத்தினி வருசமா சொல்லிக்கினே இருக்கா. நான் என்னா வேல செஞ்சன்னு இதுல ஒரு வரி இல்லியே. ரிட்டையர் ஆயிட்டா அப்பறம் எத காட்டி நம்ப வெக்கிறது?"

"நீங்களே வூட்ல சொல்லக் கூடாதா?"

"நான் சொன்னா நம்ப மாட்டா. பிரேம் போட்டு மைக்குல படிச்சா நம்புவா."

சிரிப்பு வந்தது. ஆனால் அந்த மனுஷன் கண் கலங்கி நின்றார். பாவமாகிவிட்டது. உட்காரச் சொல்லி விசாரித்தேன். வெட்டிய மண்ணைச் சுமந்து போகும் கன்வேயர் பெல்ட்டில் அவர் வேலை. மழை நாளில் அடியிலுள்ள ரோலரில் களிமண் அப்பிக்கொள்ளும். பெல்ட் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு ஓடும். மண்ணெல்லாம் கீழே சரியும். பெல்ட்டை நிறுத்தி, களிமண்ணைச் சுரண்டி, சரிந்ததை நனைந்தபடியே மண்வெட்டியால் அள்ளி மறுபடி மேலே போட வேண்டும். அள்ளி முடிப்பதற்குள் அடுத்த இடத்தில் சரியும். அவர் சொன்னதை அப்படியே எழுதினேன். ஒரு அடைமொழி சேர்க்கவில்லை. எழுதி முடித்தபோது மளிகைச் சாமான் சீட்டு மாதிரி இருந்தது. என் பெயர் கெடப்போகிறது என்று தெரிந்தே பிரேமுக்குக் கொடுத்தனுப்பினேன்.

விழாவில் ஷிப்ட் இன்ஜினியர் வாசித்தார். 'களிமண்ணைச் சுரண்டினார்' என்ற இடத்தில் ஒரு கைகூடத் தட்டவில்லை. 'மண்வெட்டியால் அள்ளினார்' என்ற இடத்தில் யாரோ இருமினார்கள். என்னை வெட்கம் பிடுங்கித் தின்றது.

அப்போது முன் வரிசையிலிருந்து தனம் எழுந்தார்.

"சாரே, இதெல்லாம் நெசமா?"

"நெசம்தாம்மா. நானே பாத்திருக்கேன்," என்றார் இன்ஜினியர்.

தனம் கணவர் பக்கம் திரும்பினார். "அடப்பாவி மனுசா! மண்வெட்டி புடிக்கத் தெரிஞ்ச ஆளா நீ? மாட்டுக் கொட்டாயில சாணி அள்ளுன்னா இடுப்பு புடிச்சிக்கிச்சின்னு படுத்துக்குவியே! நாளைக்கிலேர்ந்து கொட்டாய் உன்னுது!"

கூடம் அதிர்ந்தது. இன்ஜினியருக்குச் சிரிப்பில் மைக் கையில் நிற்கவில்லை. கலியபெருமாள் மாலையோடு மேடையிலிருந்து இறங்கி நேரே என்னிடம் வந்தார். என் மடலால் அவர் தலைமேல் சாணிக் கூடை ஏறிவிட்டதே, திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, கல்யாண மாப்பிள்ளை தோற்றான்!

"மேடம், நம்பிட்டா!" என்றார்.

எத்தனையோ மேடைகளில் என் எழுத்துக்குக் கைதட்டல் கிடைத்திருக்கிறது. இந்த ஒரு சொல்லுக்கு அதெல்லாம் உறை போடக் காணாது. நானும் ஓய்வு பெற்றுவிட்டேன். இன்றும் மடல் கேட்டு வீட்டுக்கு வருகிறார்கள். பேனாவை எடுப்பதற்கு முன் ஒன்று கேட்பேன்: "இத யாரு நம்பணும்?"

பாதிப் பேர் வீட்டம்மா பெயரைத்தான் சொல்கிறார்கள்.