ஆமென் வரும்வரை

பேருந்துப் பணிமனையின் பார்சல் பிரிவில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கிரேன் என்பார்கள். வயதில் சின்னவர்கள் மரியாதைக்காக அக்காவைச் சேர்த்துக் கிரேன் அக்கா என்பார்கள். இரண்டு ஆண்கள் முக்கி முனகித் தூக்கும் உதிரிபாகப் பெட்டியை ஒற்றை ஆளாக எடுத்துத் தட்டில் வைத்துவிட்டு, ரசீதில் கையெழுத்து வாங்கப் போய்விடுவாள். விளையாட்டு வீரர்களுக்கென்று ஒதுக்கிய இடத்தில் கிடைத்த வேலை அது. பளு தூக்குகிறவளுக்கு நிர்வாகம் பளு தூக்கும் வேலையையே கொடுத்திருந்தது. இதில் கிண்டல் எதுவும் இல்லை. நிர்வாகத்துக்குக் கிண்டல் வராது. காலையில் பயிற்சி, மதியத்துக்கு மேல் பார்சல். போட்டிகளில் கலந்துகொள்ளும்வரைதான் இந்த அரைநாள் சலுகை.

பத்தொன்பது வயதில், முதல் பெரிய போட்டியில், மேடை ஏறியதும் அவள் மண்டியிட்டாள். பக்தி என்று எல்லாரும் எழுதினார்கள். உண்மையில் கால் நடுங்கியது. நடுக்கம் வெளியே தெரியாமல் இருக்க அதைத் தரையில் ஊன்றிவிடுவதுதான் வழி என்று பட்டது. மண்டியிட்டபின் சும்மா இருக்க முடியுமா? “கர்த்தாவே, விழாம பாத்துக்கோங்க” என்றாள். எழுந்தாள், தூக்கினாள், ஜெயித்தாள். அன்றிலிருந்து நிஜமாகவே நம்பத் தொடங்கினாள். நடிப்பாகத் தொடங்கியது விசுவாசமாக முடிந்தது. பெரும்பாலானவர்களுக்கு இது தலைகீழாக நடக்கும்.

செய்தித்தாளில் வந்த படத்தைச் சபையின் பாஸ்டர் மாதப் பத்திரிகையின் அட்டையில் போட்டார். அடுத்த வருடம் அது காலண்டராக வந்தது. அண்ணன் வீட்டில்தான் அவள் இருந்தாள். அண்ணன் சபையில் கீபோர்டு வாசிப்பவன். அண்ணிக்குக் காலண்டர் அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

“நாப்பது வீட்டுச் சுவத்துல மண்டி போட்டுட்டு நிக்கறா. நம்ம வீட்டுல குனிஞ்சு ஒரு தட்டை எடுக்கச் சொன்னா மட்டும் முட்டி வலிக்குதாம்.”

முட்டி நிஜமாகவே வலித்தது. இருபத்தெட்டு வயதில் அறுவை சிகிச்சை நடந்தபோது பாஸ்டர் இரண்டு நாள் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நல்ல மனிதர். கெட்டவராக இருந்திருந்தால் இந்தக் கதை இவ்வளவு தூரம் வந்திருக்காது.

“மூணு வார்த்தை சாட்சி ஆகுமாம்மா?” என்று அவர்தான் கேட்டார். “ஊரே உன்னைப் பாக்குது. கொஞ்சம் நிறுத்தி, நிதானமா பண்ணு. நான் எழுதித் தரேன்.”

எழுதித் தந்தார். முதலில் நன்றி மட்டும். பிறகு தேசத்துக்கு ஒரு வரி. பிறகு பாதியில் நிற்கும் சபை மாடிக்கு ஒரு வரி. பிறகு வியாதியஸ்தர்கள். வருடத்துக்கு ஒரு வரி ஏறியது, எதுவும் இறங்கவில்லை. குணமானவர்களைக்கூட அவர் வெளியேற்றவில்லை, நன்றிப் பகுதிக்கு மாற்றினார்.

இதையெல்லாம் கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தவர் அவளுடைய பயிற்சியாளர். எல்லாருக்கும் மாஸ்டர். பளு தூக்குவதில் ஒரு விதி உண்டு. பெயரைக் கூப்பிட்டதும் கடிகாரம் ஓடத் தொடங்கும். ஒரு நிமிடத்துக்குள் கம்பி தரையை விட்டுக் கிளம்ப வேண்டும். பாதி நிமிடத்தில் எச்சரிக்கை மணி அடிக்கும். நிமிடம் முடிந்தால் மூன்று சிவப்பு விளக்கு, தூக்கியதாகவே கணக்கில்லை. மாஸ்டர் அவளுடைய ஜெபத்தையும் அதே கடிகாரத்தில் அளந்து வைத்திருந்தார்.

“முதல் வருஷம் நாலு விநாடி. போன வருஷம் பத்தொன்பது. இப்ப முப்பத்தொண்ணு. உன் எடைகூட இந்த வேகத்துல ஏறலம்மா.”

“ஆண்டவர் காரியம் மாஸ்டர்.”

“சாமி மேல எனக்கு ஒரு கோபமும் இல்ல. கடிகாரத்துக்குத்தான் மதம் கிடையாது.”

முப்பத்துமூன்றாம் வயதில் அவர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். இன்னும் ஆறு மாதத்தில் அவர் ஓய்வு பெறுகிறார். பெண்களுக்குப் பயிற்சியாளர் என்று ஒரே ஒரு இடம். பணிமனைகளுக்கு இடையிலான இறுதிப் போட்டியில் முதல் மூன்று இடத்துக்குள் வருகிறவர்களில் யார் சீனியரோ அவருக்கு அது போகும்.

“முதல் ரெண்டு இடத்தை அந்தச் சின்னப் பொண்ணுங்க தூக்கிட்டுப் போயிடும். மூணாவது உனக்கும் கிழக்குப் பணிமனைக்காரிக்கும் நடுவுல. வந்தா விசில் ஊதிட்டு நிக்கலாம். வரலன்னா அரைநாள் சலுகை போச்சு. அந்த முட்டியை வெச்சுக்கிட்டு முழுநாள் பெட்டி தூக்கணும். டாக்டர் என்ன சொன்னாருன்னு ஞாபகம் இருக்குல்ல?”

இருந்தது. மூன்று வருடம் தாங்கினால் அதிகம் என்றிருந்தார்.

“அதனால ஒண்ணு கேக்கறேன். அன்னிக்கு மட்டும் பழைய ஜெபம். மூணு வார்த்தை. எழுந்திரு, தூக்கு. மத்த நன்றியெல்லாம் பஸ்ல திரும்பி வரும்போது சொல்லிக்கலாம்.”

சரி என்றாள். மனதாரத்தான் சொன்னாள்.

போட்டி நாளில் பாஸ்டர் ஒரு பேருந்து பிடித்து ஐம்பத்திரண்டு பேரோடு வந்திறங்கினார். பேனர் கட்டிக் கேலரியில் வரிசையாக உட்கார்ந்தார்கள். இது அவளுக்குச் சொல்லாமல் செய்த அன்பு.

மாஸ்டர் கணித்தபடியே நடந்தது. சின்னப் பெண்கள் இருவரும் எட்டாத உயரத்துக்குப் போய்விட்டார்கள். கிழக்குப் பணிமனைக்காரியும் விசுவாசிதான். அவள் கழுத்திலிருந்த சிறு சிலுவையை உதட்டில் ஒற்றிவிட்டு நேராகக் கம்பியைப் பிடித்தாள். அவளுடைய கர்த்தருக்குக் காது கொஞ்சம் கூர்மை போலும். கடைசித் தூக்கலை முடித்துவிட்டு மூன்றாம் இடத்தில் உட்கார்ந்து துண்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். நம் ஆளுக்கு ஒரு வாய்ப்பு மீதி. தொண்ணூற்றிரண்டு கிலோ. செவ்வாய்க்கிழமை பயிற்சியில் தொண்ணூற்றைந்தைத் தூக்கியிருந்தாள்.

பெயரைக் கூப்பிட்டார்கள். வெள்ளைப் பொடியைக் கையில் தேய்த்து, மேடை ஏறி, மண்டியிட்டபோது பத்து விநாடி போயிருந்தது. மூன்று வார்த்தையையும் சொன்னாள். எழுவதற்காக ஒரு கையைத் தரையில் ஊன்றினாள்.

“எங்கள் அன்பின் பரலோகப் பிதாவே” என்றது கேலரியிலிருந்து ஒரு குரல்.

பாஸ்டர் எழுந்து நின்றிருந்தார். ஐம்பத்திரண்டு பேரும் எழுந்து கண்ணை மூடினார்கள். அரங்கமே மரியாதையாக அடங்கியது. சோடா விற்றவன்கூடப் பாட்டில்களை ஆடாமல் பிடித்துக்கொண்டான்.

அவள் வளர்ந்த சபையில், ஜெபம் நடக்கும்போது மண்டியிட்டவர்கள் ஆமென்னுக்கு முன் எழுவதில்லை. அது சட்டம் இல்லை. சட்டமாக இருந்திருந்தால் அன்றைக்கு மீறியிருப்பாள். ஊன்றிய கை தானாகத் திரும்பி மற்றக் கையோடு சேர்ந்தது.

எச்சரிக்கை மணி அடித்தபோது பாஸ்டர் தேசத்தில் இருந்தார். அவளுக்கு வரிகள் மனப்பாடம். இன்னும் மாடி, வியாதியஸ்தர், நன்றி. வழக்கமான வேகத்தில் பதினைந்து விநாடி, நேரம் இருந்தது. ஆனால் அந்த அரங்கத்தில் குரல் நன்றாக எதிரொலித்தது. எதிரொலிக்கும் இடத்தில் எந்தப் பிரசங்கியும் அவசரப்பட்டதாகச் சரித்திரம் இல்லை.

“எழுந்திரும்மா” என்றார் மாஸ்டர், முதலில் மெதுவாக. பிறகு அடித்தொண்டையில். கேலரியிலிருந்து யாரோ அவரை உஸ்ஸென்று அடக்கினார்கள்.

வியாதியஸ்தர் முடிந்தது. நன்றி முடிந்தது. அவள் மூச்சை இழுத்தாள். பாஸ்டர் அன்றைக்குப் புதிதாக ஒரு வரி சேர்த்தார்: போட்டியிடும் மற்ற சகோதரிகளையும் ஆசீர்வதியும் என்று. பெரிய மனசு.

மணி நீளமாக அடித்தது. மூன்று சிவப்பு விளக்கு. அதற்குப் பிறகு ஆமென் வந்தது, ஐம்பத்திரண்டு குரலில். அந்த நீள மணிதான் தூக்குவதற்கான உத்தரவு என்று நினைத்தார்களோ என்னவோ, கண்ணைத் திறந்ததும் கைதட்டினார்கள்.

மாஸ்டர் கடிகாரத்தைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தார். அது பாதியில் சிக்கிக்கொண்டது. அதோடு கொஞ்ச நேரம் மல்லுக்கட்டினார்.

பேருந்தில் திரும்பும்போதே கதை மாறிவிட்டது. ஏறும்போது பாவம் தோற்றுவிட்டாள் என்றிருந்தது. பாதி வழியில் பதக்கத்தைவிட ஜெபத்தைத் தேர்ந்தெடுத்தாள் என்றானது. இறங்கும்போது அவள் அதை ஒரு மாதம் முன்பே தீர்மானித்திருந்தாள். ஜெயித்தபோது வராத தொலைபேசி அழைப்புகளெல்லாம் இப்போது வந்தன.

“பேசாம விட்டுடேன்,” என்றான் அண்ணன், நடந்தது அதுவல்ல என்று அவள் சொன்னபோது. “நல்ல பேருதானே கிடைச்சிருக்கு?”

“அந்தப் பேரு பெட்டி தூக்குமா?” என்றாள் அண்ணி. அந்த வீட்டில் அன்றைக்கு அவள் பக்கம் பேசியது அண்ணி மட்டும்தான்.

மூன்றாம் ஞாயிறு சாட்சி சொல்ல மேடைக்கு அழைத்தார்கள். பாஸ்டர் ஒலிவாங்கியை அவள் உயரத்துக்குத் தாழ்த்திக் கொடுத்தார்.

“நான் எதையும் தேர்ந்தெடுக்கல,” என்றாள் அவள். “எனக்கு அந்த வேலை வேணும். ரொம்ப வேணும். மூணு வார்த்தையில ஜெபத்தை முடிச்சிட்டேன். நீங்க ஆரம்பிச்சீங்க ஐயா. நீங்க எப்ப ஆமென் சொல்லுவீங்கன்னு காத்துக்கிட்டிருந்தேன். அவ்வளவுதான்.”

பாஸ்டரின் முகம் ஒரு கணம் வெளிறியது. அந்த ஒரு கணம் அவருக்கு எல்லாம் புரிந்திருக்க வேண்டும். பிறகு புரியாதிருக்க ஒரு வழியும் கிடைத்தது. ஈரக் கண்ணோடு சபையைப் பார்த்துச் சொன்னார்:

“பாத்தீங்களா? இதுக்குப் பேர்தான் கீழ்ப்படிதல்.”

அல்லேலூயா என்று கூரை அதிர்ந்தது. அண்ணனின் விரல்கள் பழக்கத்தில் கீபோர்டில் ஒரு சுரத்தை அழுத்தின. அவள் ஒலிவாங்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இறங்கினாள். வழியெல்லாம் கை கொடுத்தார்கள்.

கிழக்குப் பணிமனைக்காரி அடுத்த மாதம் பயிற்சியாளராகச் சேர்ந்தாள். அதே வாரம் பார்சல் பிரிவில் முழுநாள் வேலைக்கான உத்தரவு வந்தது. ஞாயிறு காலை ஷிஃப்டை அங்கே யாரும் கேட்டு வாங்குவதில்லை. அவள் எழுதிக் கொடுத்து வாங்கினாள். மேற்பார்வையாளர் காகிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு, மனசு மாறுவதற்குள் கையெழுத்துப் போட்டார்.

“நீயே கேட்டு வாங்கினியாமே,” என்றான் அண்ணன், முதல் ஞாயிறு காலையில்.

“ஆமா.”

“பாஸ்டர் கேட்டா நான் என்ன சொல்றது?”

“மண்டி போட முடியலயாம், முட்டி வீங்கியிருக்குன்னு சொல்லு.”

வீங்கித்தான் இருந்தது. முட்டியைத் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தாள். அண்ணன் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் அதற்குள் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு படியில், ஒவ்வொரு படிக்கும் சுவரைப் பிடித்து, இறங்கிக்கொண்டிருந்தாள்.