அம்மா பேயாக நடித்த ஆடி மாதம்

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் என் மகள் முல்தானி மட்டியைப் பன்னீரில் குழைத்து முகம் முழுக்க அப்பிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். "சாப்பிட வாம்மா" என்றேன். வாயைத் திறக்காமல் கையை மட்டும் ஆட்டினாள். பேசினால் பூச்சு வெடித்துவிடுமாம். காய்ந்துகொண்டிருக்கும் மண்ணின் வாசனை மின்விசிறிக் காற்றில் என் பக்கமாக வந்தது. சோற்றைப் பிசைந்த கை அப்படியே நின்றுவிட்டது. "ஏங்க, உப்பு பத்தலையா?" என்று கேட்டாள் மனைவி. உப்பெல்லாம் சரியாகத்தான் இருந்தது.

அந்த வாசனையில்தான் நான் வளர்ந்தேன். விருத்தாசலத்தில் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் பீங்கான் கம்பெனிகள். பியூஸ் கட்டை, ஊறுகாய் ஜாடி, அலமாரியில் வைக்கிற பொம்மை என்று ஆளுக்கொன்று செய்வார்கள். அம்மா பொம்மைக் கம்பெனியில் வேலை பார்த்தாள். அச்சிலிருந்து எடுத்த பச்சைப் பொம்மையின் பக்கவாட்டில், அச்சின் இரண்டு பாதிகள் சேர்ந்த இடத்தில் ஒரு கோடு எழும்பி நிற்கும். ஈரப் பஞ்சால் அந்தக் கோட்டைத் துடைத்து எடுப்பதுதான் அவள் வேலை. பக்கத்துக் கொட்டகையில் நான் அச்சுக்குள் மண் கரைசல் ஊற்றிக்கொண்டிருப்பேன். படித்த படிப்புக்கு வேறு வேலை கிடைக்கவில்லை என்று அப்போது ஊரில் சொல்லிக்கொள்வேன். உங்களிடம் மறைப்பானேன், படிப்பே அவ்வளவுதான்.

அம்மா ஓயாமல் பேசுவாள். ஆள் இல்லாவிட்டால் பொம்மையோடு பேசுவாள். "இருடா கண்ணு, மூக்கைத் தொடைச்சி வுட்டுடறேன்" என்று பிள்ளையாரிடம் சொல்வாள். "அவ்ளோ பெரிய மூக்கைத் தொடைக்கணும்னா ஒரு நாளு ஆவுமே" என்றால் பஞ்சைத் தூக்கி அடிப்பாள். அவள் குரல் கொட்டகைச் சத்தத்தோடு சத்தமாக எந்நேரமும் என் காதில் விழுந்துகொண்டே இருந்தது. எந்நேரமும் விழுகிற சத்தத்தை யார் கவனிக்கிறார்கள்?

எனக்கோ அப்போது சினிமாப் பித்து. இருபத்திரண்டு வயதில் வருகிற பித்துக்கு வைத்தியம் கிடையாது. கூட்டாளி ஆரோக்கியராஜ். கல்யாண வீடுகளில் வீடியோ எடுப்பவன், சொந்தமாகக் கேமரா வைத்திருந்தான். ஊரில் கேமரா வைத்திருப்பவனைச் சிநேகிதனாக வைத்திருப்பவன் டைரக்டர், அவ்வளவுதான் எங்கள் இலக்கணம். என்ன படம் எடுப்பது என்று யோசித்தோம். காதல் படம் என்றால் பாட்டு வேண்டும். சண்டைப் படம் என்றால் நாலு பேர் அடிபட வேண்டும். பேய்ப் படத்துக்கு என்ன வேண்டும்? ஒரு பாழடைந்த இடம், ஒரு பேய், பயந்து ஓட ஒருத்தன். கம்பெனிக்குப் பின்னால் கைவிட்ட பழைய சூளை ஒன்று புகைபோக்கியோடு நின்றிருந்தது. ஓட, எங்கள் லோடு ஏற்றும் குமார் கிடைத்தான். படத்துக்குப் பெயர் 'சூளைக்காரி'. சூளைக்காரிதான் கிடைக்கவில்லை.

பெயிண்டிங் பிரிவில் இருந்த பெண்களைக் கேட்டேன். ஒருத்தி பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள். "எனக்கு மாப்ள பாக்கறாங்க அண்ணே. பேயா நடிச்ச பொண்ணுன்னு தெரிஞ்சா எவன் வந்து கட்டுவான்?" நியாயமான கேள்வி. இரண்டு நாள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரிந்தேன். மூன்றாம் நாள் சோறு போடும்போது அம்மா, "நான் வரேன்டா" என்றாள்.

"நீயாம்மா?"

"ஏன், எனக்கு இன்னா கொறச்சலு? பேய்க்கு இன்னா வயசுன்னு எவன் கேக்கப் போறான்?"

ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். வெள்ளைப் புடவை கட்ட மாட்டாள். "உங்கப்பா குத்துக்கல்லாட்டம் ஒக்காந்திருக்காரு. நான் வெள்ளப் பொடவ கட்டுவனா?" குத்துக்கல், "கட்டினா கட்டேன், நான் இன்னா செத்தா பூடுவேன்" என்று வாயைக் கொடுத்து நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டது. கடைசியில் வெளிர்மஞ்சளில் ஒரு வாயல் புடவை கட்டினாள். மஞ்சள் புடவையில் பேய் வந்தால் சிரிப்பார்களே என்று படத்தையே கறுப்பு வெள்ளை ஆக்கினோம். பிற்பாடு ஒருவர் பார்த்துவிட்டு, கறுப்பு வெள்ளை நல்ல கலை உத்தி என்று பாராட்டினார். கலையாவது உத்தியாவது, எல்லாம் அம்மாவின் தாலிக்காகச் செய்தது.

ஆடி மாதத்தில் எடுத்தோம். ஆடியில் கல்யாணம் கிடையாது, அதனால் கேமரா சும்மா இருக்கும். "எங்காளுங்களும் ஆடியில பண்ண மாட்டாங்கடா" என்பான் ஆரோக்கியராஜ். ஞாயிறு காலைப் பூசை முடிந்து, தேய்த்த சட்டையோடு மாதா கோயிலிலிருந்து நேராகச் சூளைக்கு வருவான். எங்களிடம் விளக்கு இல்லாததால் இரவுக் காட்சிகளை எல்லாம் பட்டப்பகலில் எடுத்தோம். கேமராவில் வெளிச்சத்தைக் குறைத்தால் நிலா மாதிரி இருக்கும் என்று எவரோ சொல்லியிருந்தார்கள். பதினோரு மணி வெயிலில் கண் கூச, கையில் டார்ச் லைட்டோடு இருட்டில் தடவித் தடவி நடந்தான் குமார். பின்னால் அம்மா வருவாள். ஆடிக் காற்று புடவையைத் தூக்கும். அது மட்டும் இலவசமாகக் கிடைத்த பெரிய சினிமாக் காற்று.

பேயின் முகத்துக்கு மண்தான். இந்த ஊரில் பேய்ப்படம் எடுப்பவன் பவுடர் தேடிப் போவானா? தொட்டியிலிருந்து ஒரு குவளை மண் கரைசலை மொண்டு வந்தேன். அம்மா தடுத்தாள். "தொட்டி மண்ணு வேணாண்டா. அதுல சிலிகேட்டு கலந்திருக்குது, எரியும். வெறும் மண்ணைக் கரைச்சிக்கலாம்." கரைசல் அச்சில் சரளமாக ஓடுவதற்காகச் சிலிகேட் கலப்பது எனக்குத் தெரியாதா? தினமும் கலக்கிறவனே நான்தான். ஆனால் தொட்டி மண் வழவழவென்று பட்டுப்போல இருக்கும், டைரக்டருக்கு அது வேண்டியிருந்தது. பூசினேன். கால் மணி நேரத்தில் அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. "அப்பிடியே இரும்மா, நல்லாருக்குது" என்றேன். கழுவிய பிறகு கன்னம் இரண்டும் சிவந்து தடித்திருந்தன. புது மஞ்சள் ஒத்துக்கொள்ளவில்லை என்று தெருவில் சொல்லி வைத்தாள். அடுத்த வாரம் நானே வெறும் மண்ணைக் கரைத்தேன், மன்னிப்புக் கேட்கவில்லை. அந்த வயதில் கேட்கத் தெரிவதில்லை.

வெறும் மண்ணில் வேறு தொல்லை. வெயிலில் உடனே காய்ந்துவிடும். காய்ந்தபின் வாயைத் திறந்தால் கன்னத்தில் விரிசல் ஓடிப் பொலபொலவென்று உதிரும். மறுபடி கழுவி, பூசி, காயவிட அரை மணி நேரம். ஆகவே அம்மா பேசக்கூடாது. நினைத்துப் பாருங்கள், என் அம்மா பேசக்கூடாது! ஒரு ஞாயிறு குமார் அலறிக்கொண்டு ஓட வேண்டிய காட்சி. ஓடினான். பிரமாதமாக ஓடினான். துரத்தி வந்த பேய் நடுவில் நின்று, "டேய் குமாரு, பாத்துடா, அங்க ஒடஞ்ச பீங்கான் கெடக்குது" என்றது. இரண்டு கன்னமும் உதிர்ந்து புடவையில் விழுந்தன. நான் தலையில் அடித்துக்கொண்டேன். இன்னொரு நாள் ஷாட் ஓடிக்கொண்டிருக்கும்போது ஆரோக்கியராஜைப் பார்த்து, "ஏம்ப்பா, கோயிலுக்குப் போயிட்டு வெறும் வயித்தோட வந்தியா?" என்று கேட்டாள். இப்படி ஒவ்வொரு ஞாயிறும் எத்தனை தடவை. நான் கத்துவேன். அவள் குற்றவாளி மாதிரி முகத்தைக் காட்டிக்கொண்டு உட்காருவாள், நான் மறுபடியும் மண் பூசுவேன். பூசும்போதும் கண்ணை மூடிக்கொண்டு ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பாள்.

எடிட்டிங் ஆரோக்கியராஜ் வீட்டுக் கம்ப்யூட்டரில். அதில் இடம் குறைவு. நல்ல ஷாட்டுகளை மட்டும் ஏற்றிக்கொண்டோம். ஒலியும் தேறவில்லை. ஜங்ஷன் ஊரில் நிமிடத்துக்கு ஒரு ரயில் கூவினால் எந்தப் பேய் தாங்கும்? பின்னால் குரல் சேர்த்தோம். அம்மா குரல் பேய்க்கு எடுபடாது என்று முடிவு செய்தது நான்தான். சோறு தின்றாயா என்று கேட்கிற குரலை வைத்துக்கொண்டு யாரைப் பயமுறுத்துவது? ஆரோக்கியராஜ் பெரிய ஊறுகாய் ஜாடிக்குள் தலையைக் கவிழ்த்துச் சிரித்தான். எதிரொலியோடு அருமையாக வந்தது.

இருபத்தாறு நிமிடப் படம். கம்பெனிக் கொட்டகையில் வேட்டியைத் திரையாகக் கட்டிப் போட்டோம். பெண்கள் கூச்சல் போட்டார்கள், குமாருக்குக் கைதட்டல். அம்மா முன்வரிசையில் உட்கார்ந்து முழுக்கப் பார்த்தாள். முடிந்ததும் என்னிடம் வந்தாள்.

"ஏண்டா, நான் பேசினது ஒண்ணுகூட வரல?"

"அதெல்லாம் வேஸ்டும்மா. எடுத்துட்டோம்."

"வேஸ்டா..." என்றாள். பிறகு, "நல்லாத்தாண்டா இருக்குது" என்று என் தலையைத் தடவிவிட்டுப் போனாள்.

ஆவணி பிறந்தது, முகூர்த்தங்கள் வந்தன. எங்களிடம் இருந்ததே மூன்று டேப். ஆரோக்கியராஜ் அவற்றின் மேலேயே கல்யாணங்களை எடுத்தான். எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். நானும்தான், "எடுத்துக்கடா, நம்ம வேல முடிஞ்சிடுச்சி" என்றேன்.

அதன்பின் நான் டைரக்டர் ஆகவில்லை என்பதை நீங்கள் யூகித்திருப்பீர்கள். சென்னைக்கு வந்து ஒரு டைல்ஸ் கடையில் சேர்ந்து, அதிலேயே காலம் ஓடிவிட்டது. அம்மா ஒரு மழைக்காலத்தில் நாலு நாள் காய்ச்சலில் போய்விட்டாள். காரியமெல்லாம் முடிந்து சென்னை திரும்பிய பிறகு, ஒரு நாள் பஸ்ஸில் வரும்போது அவள் குரலை நினைத்துப் பார்த்தேன். வரவில்லை. சொற்கள் வந்தன, குரல் வரவில்லை. பயந்துபோனேன். எங்கள் வீட்டில் அவளைப் பதிவு செய்த ஒன்று உண்டென்றால் அந்தப் படம்தான். போட்டுப் பார்த்தேன். இருபத்தாறு நிமிடமும் மண் பூசிய முகம். குரல் வருகிற இடமெல்லாம் ஆரோக்கியராஜ் சிரிக்கிறான்.

ஊருக்குப் போய் அவன் வீட்டுப் பரணில் ஏறினேன். இரண்டு டேப்பில் பூசணம். மூன்றாவது ஓடியது. சேத்தியாத்தோப்பில் நடந்த ஒரு கல்யாணம். மாப்பிள்ளை அழைப்பு முதல் பந்தி வரை ஒரு விநாடி விடாமல் பார்த்தேன். எங்காவது நடுவில் ஒரு துண்டு, கேமராவை நிறுத்திப் போட்ட இடைவெளியில் ஒரே ஒரு வார்த்தை மிஞ்சியிருக்காதா? டேப்பின் கடைசி வரை பாயசம் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். அந்த மணப்பெண் நன்றாக இருக்க வேண்டும், அவள் பேரில் எனக்கு வருத்தம் இல்லை.

கடைசி நாள் படப்பிடிப்பு மட்டும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வெயில் சாய்ந்துகொண்டிருந்தது, ஒரே ஒரு ஷாட் பாக்கி. சூளை வாசலில் அம்மா நின்று கேமராவைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். பார்த்தாள். திடீரென்று என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள். முகம் முழுக்க உதிர்ந்தது. குமார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். ஆரோக்கியராஜ் கையில் கேமரா குலுங்கியது. உதிர்ந்த மண்ணுக்கு நடுவே அம்மாவும் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டு நின்றாள். நான் மட்டும் சிரிக்கவில்லை. வெளிச்சம் போகிறதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு மண்ணைக் கரைக்கப் போனேன்.

அவள் என்ன சொன்னாள்?

போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக் கை கழுவியதும் ஆரோக்கியராஜுக்குப் போன் செய்தேன். அவன் இப்போது கேமராவை விட்டுவிட்டுச் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். "டேய், கடைசி நாளு அம்மா ஒண்ணு சொன்னாங்களே, நீங்கல்லாம் வுழுந்து வுழுந்து சிரிச்சீங்களே, இன்னாடா அது?"

கடைக்கு வந்த ஆளை உட்காரச் சொல்லிவிட்டுப் பேசினான்.

"சிரிச்சது ஞாபகம் இருக்குதுடா" என்றான். "வயிறு வலிக்கச் சிரிச்சேன். இன்னா சொன்னாங்கன்னு... இருடா, குமாரைக் கேட்டுச் சொல்றேன்."

மாலையில் கூப்பிட்டான். குமாருக்கும் நினைவில்லையாம்.