குலுக்கலில் அடுத்த வீடு

வாரம் ஒரு நாள் சிதம்பரத்திலிருந்து பஸ் ஏறி கடலூர் முதுநகருக்குப் போவேன். தனியாக வாழும் முதியவர்களிடம் யாராவது உட்கார்ந்து பேசினால் உடம்பு தேறுகிறதா என்று பார்க்கும் ஆய்வு அது. பாதிப் பேரிடம் வாராவாரம் பேசுவோம். மீதிப் பேருக்கு முதலிலும் கடைசியிலும் பிரஷர் பார்ப்பதோடு சரி. யார் எந்தப் பக்கம் என்று சீட்டுக் குலுக்கித்தான் பிரித்தோம்.

அங்கே ஒரு தெருவில் தனியாக இருந்த பெரியவர் ஒருவர் பேச்சில்லாத பக்கம் விழுந்தார். கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைச் சட்டை, உள்ளே ஜெபமாலை. வாசலில் எப்போதும் இரண்டு நாற்காலி போட்டு, காலியாக இருப்பதைத் துண்டால் துடைத்துக்கொண்டிருப்பார்.

பிரஷர் பார்த்த அன்று, "ஏம்மா, என்னை ஏன் வேணாம்னுட்டீங்க?" என்று கேட்டார்.

"வேணாம்னு யாரும் சொல்லலங்க. நாங்களே ஆள் பார்த்து எடுத்தா, பேசினதால தேறினாங்களா, தேறுற ஆளா பார்த்து எடுத்துட்டோமான்னு தெரியாமப் போயிடும். அதான் குலுக்கினோம்."

"சீட்டுதானா? அப்ப கோவிச்சுக்கவும் ஆளில்ல," என்றார்.

வாராவாரம் பேச எனக்கு விழுந்தது அவர் வீட்டுக்கு அடுத்த வீடு. ஒரு வாரம் மனசு கேட்காமல் அவர் வாசலில் நின்று, "சாப்டீங்களா?" என்றேன்.

"போம்மா. நீ பேசி நான் தேறிட்டா உங்க கணக்கு கெட்டுடும்."

அடுத்த வாரம் அவர் வாசலில் ஒரே நாற்காலிதான் இருந்தது. நான் சங்கடப்படாமல் கடந்து போகட்டும் என்றோ என்னவோ, தெருவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.