எண்பது பேர் சாப்பிட்ட முட்டை

எழிலரசி வேலூரில் என்னோடு எம்.எஸ்சி. ஊட்டச்சத்தியல் படித்தவள். மற்ற நாங்கள் பதினொரு பேரும் பி.எஸ்சி. முடித்த சூட்டோடு வந்து உட்கார்ந்தவர்கள். அவள் மட்டும் நடுவில் நான்கு வருடம் ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில், தோலுக்குப் பசை தடவும் மேஜையில் வேலை பார்த்துவிட்டு வந்தாள். தங்கை கல்யாணத்துக்காகப் போனவள்; கல்யாணம் முடிந்த மறுவாரமே கல்லூரியில் விண்ணப்பம் வாங்கிவிட்டாள். அந்தப் பிடிவாதம் எனக்கு ஆரம்பத்தில் பிடிக்கவில்லை. ஜோலார்பேட்டை ரயில்வே குவார்ட்டர்ஸில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு வளர்ந்த எனக்கு, வகுப்புக்குக் கால் மணி நேரம் முன்னதாக வருகிறவர்களைக் கண்டாலே ஆகாது.

ஆய்வுக்கு அவள் எடுத்த தலைப்பு, ஷூ கம்பெனிப் பெண்களின் சாப்பாடும் ரத்தசோகையும். பழைய கம்பெனியிலேயே அனுமதி வாங்கி, கேன்டீனில் உட்கார்ந்து எண்பது பெண்களிடம் கேட்டாள். நேற்று விடிந்ததிலிருந்து இன்று விடியும்வரை என்ன சாப்பிட்டீர்கள், எவ்வளவு சாப்பிட்டீர்கள் என்பதுதான் கேள்வி. ரத்தமும் எடுத்துப் பார்த்தாயிற்று. படிவங்களைக் கட்டிக் கொண்டுபோய் எங்கள் வழிகாட்டி தேவகி மேடத்தின் மேஜையில் வைத்தபோது அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

மேடம் பத்துப் பதினைந்து படிவங்களைப் புரட்டினார். கண்ணாடியைக் கழற்றினார்.

"எண்பது பேரும் இட்லி, பருப்பு, கீரை, முட்டை. இப்படிச் சாப்பிடறவங்களுக்கு ஹீமோகுளோபின் எப்படிம்மா எட்டுலயும் ஒம்போதுலயும் நிக்கும்? வீட்ல உக்காந்து நீயே எழுதிட்டியா?"

எழிலரசி இல்லையென்று தலையாட்டினாள். அவளே எழுதியதாக முடிவானால் ஆய்வு செல்லாது. பட்டமும் இல்லை, திரும்பவும் பசை மேஜைதான். "ஒரு மாசம் டைம் தர்றேன். உண்மையைக் கொண்டு வா," என்று மேடம் கட்டைத் திருப்பித் தள்ளினார். வெளியே வந்ததும், "கிறிஸ்டினா, சத்தியமா நான் எழுதல," என்று என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அன்றைக்குத்தான் அவளுடைய பையை முதன்முதலாகத் தூக்கிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் மாதனூர்ப் பக்கம் அமிர்தவள்ளி வீட்டுக்குப் போனோம். கம்பெனியில் எழிலரசிக்கு எதிர் மேஜைக்காரி. எண்பது பேரில் ஒருத்தி.

"இன்னாக்கா, நீகூட டெய்லி முட்டைன்னு சொல்லிட்டியே?"

அமிர்தவள்ளி வெங்காயம் உரித்துக்கொண்டே சிரித்தாள். "பேப்பரும் பேனாவும் எடுத்துக்கினு எதிர்ல வந்து உக்காந்தா வேற இன்னாடி சொல்றது? ஆடிட்டுக்குச் சொல்றதுதான் வாயில வந்துச்சு. ஏன், நீ சொன்னதில்லியா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. எழிலரசி தலையில் அடித்துக்கொண்டாள். ஷூ வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் வருடத்துக்கு ஒருமுறை ஆள் அனுப்பித் தொழிலாளிகளை விசாரிப்பார்களாம். நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா, கேன்டீனில் என்ன போடுகிறார்கள் என்றெல்லாம் கேட்பார்கள். என்ன பதில் சொல்ல வேண்டும் என்பதை சூப்பர்வைசர் முதல்நாளே சொல்லிக் கொடுத்துவிடுவார். இட்லி, பருப்பு, கீரை, முட்டை. நான்கு வருடம் அவளும் ஒப்பித்த பாடம்தான் அது. படிவத்தோடு போய் உட்கார்ந்தால் தானும் ஆடிட்காரியாகத்தான் தெரிவோம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. நாங்கள் படித்த படிப்பெல்லாம் ஏட்டுச் சுரைக்காய்தான், போங்கள்.

எழிலரசி பேனாவைப் பைக்குள் போட்டாள். தானும் ஒரு வெங்காயத்தை எடுத்துக்கொண்டாள்.

"என் படிப்புக்குத்தான்க்கா கேக்கறேன், பேரு எழுத மாட்டேன். நேத்து இன்னா சமைச்ச? யாருக்கு எவ்ளோ வெச்ச?"

"முட்டைக் கொழம்பு. மூணு முட்ட வாங்கினேன். அவருக்கு ரெண்டு, பொண்ணுக்கு ஒண்ணு."

"உனக்கு?"

"எனக்கு இன்னா, அதான் கொழம்பு இருந்துச்சே."

எழிலரசி என்னைத் திரும்பிப் பார்த்தாள். வழி கிடைத்துவிட்டது. தன் வயிற்றுக்குப் போனதை ஒருத்தியும் சொல்வதில்லை. மற்றவர்களுக்குப் போட்டதைக் கரண்டிக் கணக்கில் சொல்லிவிடுகிறார்கள். வடித்ததில் போட்டதைக் கழித்தால் மிச்சம் அவள் சாப்பாடு. ஞாயிறுகளிலும், கம்பெனி பஸ் வந்து இறக்கிவிடும் சாயங்காலங்களிலும் வீடு வீடாகப் போனோம். அளவுக் கரண்டியும் கிண்ணமும் தூக்கியது நான். ஆறே முக்கால் பஸ்ஸுக்கு ஓடுவதால் எண்பதில் ஐம்பத்து மூன்று பேர் காலையில் வெறும் டீயோடு போகிறார்கள் என்று தெரிந்தபோது எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

மாதம் முடிவதற்கு இரண்டு நாள் முன்னால் புதிய படிவங்கள் மேடத்தின் மேஜைக்குப் போயின. இந்த முறை ஒன்றுவிடாமல் படித்தார். "இப்பத்தான் ரத்தமும் பேப்பரும் ஒரே கதையைச் சொல்லுது. உன்னைச் சந்தேகப்பட்டது என் தப்புதான்மா," என்று எங்கள் வயிற்றில் பாலை வார்த்தார்.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து ஓர் அம்மாள் வந்தார். நாங்கள் எல்லாரும் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தோம்.

"முதல்ல வாங்கின எண்பது பதிலும் பொய்னு எப்படி அவ்வளவு உறுதியாச் சொல்றீங்க?"

"நாலு வருஷம் நானும் அதே பதிலைச் சொல்லியிருக்கேன் மேடம்."

அந்த அம்மாள் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு, "பாஸ்," என்றார். பிறகு எழிலரசியை ஏற இறங்கப் பார்த்தார். "முகமெல்லாம் வாடிக் கெடக்கே. காலையில சாப்பிட்டியாம்மா?"

"சாப்பிட்டேன் மேடம். ரெண்டு இட்லி, ஒரு முட்டை."

தேவகி மேடம் கண்ணாடியைக் கழற்றினார். முதலில் சிரித்தது நான்தான். எழிலரசி வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த மாதம் முழுக்க அடக்கி வைத்திருந்ததெல்லாம் சிரிப்பும் கண்ணீருமாகக் கொட்டியது.

"டீ மட்டும்தான் மேடம்," என்றாள்.

"கிறிஸ்டினா, இவளக் கூட்டிட்டுப் போய்ச் சாப்பிட வை. சாப்பிட்டேன்னு அவ சொன்னா நம்பாத," என்றார் தேவகி மேடம்.

கல்லூரிக்கு எதிரே இருந்த கடைக்குப் போனோம். முட்டை தோசை மூன்று சாப்பிட்டாள். நான் கூடவே உட்கார்ந்து பார்த்தேன்.