நான் தட்டிய பால் டின்

போன வாரம் மருமகள் தேநீர் கலக்கிவிட்டு, காலியான பால் டின்னைக் குப்பையில் போடப் போனாள். என்னை அறியாமலே கையை நீட்டி அதை வாங்கிவிட்டேன். வாங்கியதும் டின்னைக் கவிழ்த்து, அடியில் கட்டைவிரலை வைத்து அழுத்திப் பார்த்தேன்.

"என்ன மாமா, ஓட்டையா?" என்றாள்.

"இல்லம்மா, சும்மா."

சும்மா இல்லை. அறுபது வருடத்துக்கு மேல் ஆகியும் இந்தக் கட்டைவிரலுக்குப் புத்தி வரவில்லை. எந்தப் பால் டின்னைக் கண்டாலும் அதன் அடியைத் தடவிப் பார்க்கும். டின்னின் ஓரத்தில் ஒட்டிக் காய்ந்த பாலின் இனிப்பும், தகரத்தின் வாடையும் சேர்ந்து மூக்கில் ஏறினால் போதும், நான் காஜா பெராங்கில் அந்தப் பலகை வீட்டின் பின்கட்டில் சுத்தியலோடு உட்கார்ந்திருப்பேன். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. நாட்டுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த புதிது. நாடே எங்களை நம்பித்தான் இருக்கிறது என்ற நினைப்பில் இருந்தோம்.

நான் வேலை செய்தது ஜாலான் பெண்டஹாரா என்ற தெருவில் ஒரு துணிக்கடை. துணி அளப்பதில் ஒரு கைவேலை உண்டு. கஜக்கோலில் துணியை வைக்கும்போது இடது கையால் லேசாக ஓர் இழு இழுக்க வேண்டும். ஆறு கஜத்துக்கு ஆறு இழுப்பு. வாங்கியவர் வீட்டில் போய் அளந்தால் அரைச் சாண் குறையும். ஆனால் யார் அளக்கிறார்கள்? முதலாளி எனக்கு இதைச் சொல்லித்தரவில்லை. பக்கத்தில் நின்றவர்களைப் பார்த்து நானே பழகிக்கொண்டேன். கெட்டிக்காரப் பையன் என்று பேரும் வாங்கினேன். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் கோபப்படப் போகிறேன், அப்போது என்னைப் பெரிய உத்தமன் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது.

நான் தங்கிய பலகை வீட்டில் பக்கத்து அறையில் இருந்தவர் ராகவன் அண்ணன். துறைமுகத்துப் பக்கம் ஒரு கம்பெனியில் கிராணி, கணக்கு எழுதும் வேலை. என்னைவிட எட்டு வயது மூத்தவர். ஆங்கிலம் எழுதுவார், தமிழ் பேசுவார். பேசுவார் என்றால் சாதாரணப் பேச்சில்லை. அவர் வாயைத் திறந்தால் குழாயடியில் வாளி நிரம்பி வழிவதுகூடத் தெரியாமல் நின்று கேட்பார்கள். நான் நின்று கேட்டேன். அவர் தோளில் போட்டிருந்த துண்டைப்போல் நானும் ஒரு துண்டு வாங்கிப் போட்டுக்கொண்டேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒருநாள் அவர் சொன்னார்: "தம்பி, வெள்ளக்காரன்கிட்ட இருந்து மட்டும் மெர்டேக்கா வாங்கினா போதுமாடா? தோட்டத்துச் சனங்க கடைக்காரன்கிட்ட இருந்து எப்ப வாங்குறது?"

புக்கிட் ரம்பாய்க்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டம். அங்கே இருந்தது ஒரே கடை. அரிசியும் சீனியும் பருப்பும் பால் டின்னால்தான் அளப்பார்கள். கடைக்காரர் அந்த டின்னின் அடியை உட்பக்கமாகத் தட்டி வைத்திருந்தார். வெளியே இருந்து பார்த்தால் முழு டின். உள்ளே அடியில் ஒரு விரல்கடை அளவு மேடு. அளக்கும்போது உள்ளங்கையை அடியில் கொடுத்துப் பிடித்துக்கொள்வார், யாருக்கும் தெரியாது. அங்கே வேலை செய்த யாரோ சொல்லித்தான் ராகவன் அண்ணனுக்கே தெரிந்தது.

சொன்னால் நம்பமாட்டார்கள், காட்ட வேண்டும் என்று முடிவு செய்தோம். காட்ட ஒரு கள்ள டின் வேண்டும். அந்தப் பொறுப்பு எனக்கு வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பின்கட்டில் உட்கார்ந்து தட்ட ஆரம்பித்தேன். முதல் டின் கிழிந்தது. இரண்டாவது கோணிக்கொண்டது. பக்கத்து வீட்டுச் செட்டி மாது வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தார். தலைமுறை தலைமுறையாக இங்கேயே ஊறிய குடும்பம்; நெற்றியில் விபூதி இருக்கும், வாயில் மலாய்தான் வரும்.

"மோ பூக்கா கெடாய் கா?" என்றார். கடை திறக்கப் போகிறீர்களா என்று கேட்கிறார்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். ராகவன் அண்ணனும் சிரித்தார். இன்றைக்கு அந்தச் சிரிப்பை நினைத்தால் எரிச்சலாக இருக்கிறது.

மூன்றாவது டின் அமைந்துவிட்டது. சுத்தியலில் துணியைச் சுற்றி, மெதுவாக, ஓரத்தில் இருந்து நடுவுக்குத் தட்டினேன். ராகவன் அண்ணன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "டேய், அசலுக்கே பாடம் சொல்லும்டா இது" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. நல்ல டின்னோடு மாறிப்போகக் கூடாது என்று இதன் விளிம்புக்குக் கீழே சிவப்புச் சாயத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டேன்.

ஞாயிறு மத்தியானம் இரண்டு சைக்கிளில் கிளம்புவோம். தொழிலாளர் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளுக்கு முன்னால் இருந்த மாமரத்தடியில் கூட்டம். ராகவன் அண்ணன் பேசுவார். பிறகு நான் நல்ல டின்னில் நாலு அளவு அரிசியை ஒரு கண்ணாடிப் போத்தலிலும், கள்ள டின்னில் நாலு அளவை இன்னொரு போத்தலிலும் கொட்டுவேன். இரண்டு போத்தலையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பேன். ஒன்றில் அரிசி கழுத்துவரை இருக்கும். மற்றதில் தோளுக்குக் கீழே நின்றுவிடும். முதல் தடவை காட்டியபோது எல்லாரும் போத்தல்களை நெருங்கி வந்து குனிந்து பார்த்தார்கள்.

கூட்டத்தில் இருந்து ஓர் அம்மாள் எழுந்து வந்தார். முனியம்மா. பால்மரம் வெட்டுகிறவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிக் கித்தாப் பால் எடுப்பவர்; புருசன் இல்லை, மூன்று பிள்ளைகள். கித்தாப் பால் காய்ந்து கறுத்திருந்த கட்டைவிரலை டின்னுக்கு அடியில் வைத்து அழுத்தினார்.

"ஆத்தாடி, வெரலு உள்ள போவுது!"

பிறகு என்னைப் பார்த்து, "பசியாறிட்டீங்களா தம்பி?" என்றார். காலைச் சாப்பாட்டுக்குக் கேட்கிற கேள்வி, மத்தியானம் மூன்று மணிக்கு. அப்படிக் கேட்டால், நீ இனிமேல் எங்கள் ஆள் என்று அர்த்தம். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அவர் வீட்டில் எங்களுக்கு ரொட்டியும் பால் விடாத வரக்கோப்பியும் இருக்கும்.

அந்த வாரமே முனியம்மா கடைக்குப் போய், அளக்கப் போன டின்னைப் பிடுங்கித் திருப்பி, எல்லார் முன்னாலும் கட்டைவிரலை வைத்துவிட்டார். கடைக்காரர் என்ன சும்மா இருப்பாரா? "ஒனக்கு இனிமே இங்க ஒரு மணி அரிசி கெடையாது" என்றார். தோட்டத்தில் வேறு கடை இல்லை. முனியம்மா காலையில் மரம் வெட்டி, பால் கொண்டுபோய் ஊற்றிவிட்டு, புக்கிட் ரம்பாய் வரைக்கும் நடந்துபோய் அரிசி வாங்கித் தலையில் சுமந்து வந்தார். போக வர எட்டு மைல். கால் வீங்கியிருந்ததை நானே பார்த்தேன்.

ராகவன் அண்ணன் அவர் முன்னால் உட்கார்ந்து, "நீங்க தனி ஆளு இல்லக்கா. நாங்க இருக்கோம். இந்தக் கடைய மாத்தாம நான் ஓயமாட்டேன்" என்றார்.

"நீங்க சொன்னா சரிதாங்கய்யா" என்றார் முனியம்மா.

தோட்டத்து மேலாளரான துரைக்கு ராகவன் அண்ணன் ஒரு மனு எழுதினார். ஆங்கிலத்தில், அழகான சாய்ந்த எழுத்து. முனியம்மா வீடு வீடாக அழைத்துப் போனார், இருபது பெண்களுக்கு மேல் கைநாட்டு வைத்தார்கள். மைப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான்தான். எனக்கு ஆங்கிலம் வராது. "என்னண்ணே எழுதியிருக்கு?" என்று ஒரு தடவை கேட்டேன். "எல்லாம் நம்ம விசயந்தான்டா" என்றார். டின்னைத் திருப்பிப் பார்க்கச் சொல்லி ஊருக்கு உபதேசம் செய்தவன், அந்தக் காகிதத்தில் என்ன இருக்கிறது என்று விசாரித்துப் பார்க்கவில்லை.

மனு வேலை செய்தது. கடைக்காரரை வெளியேற்றினார்கள். லயத்தில் அன்று பாயசம் வைத்தார்கள். அடுத்த வாரம் ராகவன் அண்ணன் கிராணி வேலையை விட்டுவிட்டதாகச் சொன்னார். தோட்டத்துக் கடையைத் துரை அவருக்கே கொடுத்துவிட்டாராம்.

"வெளியாளு வந்தா மறுபடியும் அதே கததான் தம்பி. நம்ம ஆளு ஒருத்தன் உள்ள இருந்தாத்தான் சனங்களுக்கு நல்லது."

எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. என்ன தியாகம்! மிச்சமிருந்த சிவப்புச் சாயத்தை எடுத்து, ஒரு பலகையில் 'சரியான அளவு' என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கடை முகப்பில் நானே ஆணி அடித்துவிட்டு வந்தேன். மனுவின் கடைசி வரியில், இந்தக் கடையை ராகவனுக்கே கொடுக்க வேண்டும் என்று நாங்கள் எல்லாரும் கேட்டுக்கொள்கிறோம் என்று எழுதியிருந்ததைத் தோட்டத்துக் கிராணி எனக்குச் சொன்னபோது ரொம்ப நாள் ஆகிவிட்டது.

பிறகு என் ஞாயிறுகள் வேறு வழியில் போயின. பெண் பார்த்தார்கள், கல்யாணம் ஆனது. தீபாவளிக்கு முந்திய வாரம் முனியம்மாவின் பிள்ளைகளுக்குச் சட்டைத் துணி எடுத்துக்கொண்டு போனேன். இழுக்காமல் அளந்த துணி. அந்த ஒன்றையாவது ஒழுங்காகச் செய்தேன்.

முதலில் கடைக்குப் போனேன். ராகவன் அண்ணன் கொஞ்சம் சதை போட்டிருந்தார். "வாடா மாப்ள!" என்று கோப்பி கலக்கச் சொன்னார். ஒரு பெண் அரிசி வாங்க வந்தாள். அவர் மூட்டைக்குள் டின்னை விட்டு எடுத்தார். உள்ளங்கை அடியில் இருந்தது. வழித்துவிட்டுக் கொட்டினார். மறுபடியும் உள்ளங்கை அடியில். அவள் போனதும் டின்னை மூட்டைமேல் வைத்தார். நான் எடுத்துப் பார்த்தேன். விளிம்புக்குக் கீழே கத்தியால் சுரண்டியிருந்தது. ஆனால் மடிப்பில் போன சாயம் சுரண்ட வரவில்லை. சிவப்பு.

என் கட்டைவிரல் போன இடம் எனக்குத் தெரிந்த இடம். ஓரத்தில் இருந்து நடுவுக்கு, துணி சுற்றித் தட்டியது.

"அண்ணே, இது நம்ம டின்னு."

"ஆமா, அதுக்கென்ன?" என்றார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "கடைன்னா இப்பிடித்தான்டா. எனக்கும் புள்ள குட்டி இருக்குல்ல. நீ என்ன, துணிய இழுக்காமயா அளக்குற?"

அடித்திருந்தால்கூட வலித்திருக்காது. நான் அவரிடம்தான் அந்த இழுப்பைப் பற்றி வெட்கப்பட்டுச் சொல்லியிருந்தேன். இனி இழுக்கமாட்டேன் என்று அவர் கையைப் பிடித்துத்தான் சொல்லியிருந்தேன். அதையே எடுத்து என்மேல் வீசினார். கோப்பியைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன். பலகையைப் பிடுங்கி எறிய வேண்டும் என்று நினைத்தேன். ஆனால் நான் அடித்த ஆணி அசைந்துகொடுக்கவில்லை. நல்ல வேலைக்காரன்!

முனியம்மா வீட்டு வாசலில் உட்கார்ந்து முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். துணிப் பொட்டலத்தை நீட்டினேன். வாங்கிப் பக்கத்தில் வைத்தார், பிரிக்கவில்லை.

"அக்கா, கடையில டின்னு..."

"தெரியும்."

"எப்பத் தெரியும்?"

"மொத வாரமே. நீங்கதானே வெரல வச்சுப் பாக்கச் சொன்னீங்க."

"அப்ப ஏன் கேக்கல?"

அவர் முறத்தைத் தட்டினார். "யாருகிட்டப் போயிக் கேக்குறது தம்பி? போன தடவ கேக்க நீங்க இருந்தீங்க. இப்ப கடையே நீங்கதானே."

"அக்கா, எனக்கும் அந்தக் கடைக்கும் சம்பந்தமே இல்லக்கா."

"டின்னு ஒங்க டின்னுதானே" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார்.

சத்தியம் செய்தேன். பிள்ளை குட்டி பிறக்கும் முன்பே பிள்ளைமேல் சத்தியம் செய்தேன். "சரி தம்பி, சரி தம்பி" என்று தலையை ஆட்டினார். கடைக்காரன் தராசைக் காட்டிப் பேசும்போது வாங்குகிறவர்கள் ஆட்டுகிற ஆட்டம் அது. நம்பினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் சைக்கிளை எடுக்கும்வரை அவர் என்னைப் பசியாறிவிட்டீர்களா என்று கேட்கவில்லை.

ராகவன் அண்ணன் நிறைந்த வயதில் போய்ச் சேர்ந்தார். தோட்டத்து மக்களுக்காகப் பாடுபட்டவர் என்று இரங்கல் கூட்டத்தில் பேசினார்கள். நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன், எழுந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது என் பங்குக்கு நான் செய்தது. அந்தத் தோட்டம் இப்போது இல்லை. மரங்களை வெட்டி, லயத்தை இடித்து, வரிசை வரிசையாகக் கல் வீடுகள் கட்டிவிட்டார்கள். அரிசி பிளாஸ்டிக் பையில் எடை அச்சடித்து வருகிறது. டின்னால் அளக்கும் கடை எங்கும் இல்லை. பின்கட்டும் வேலியும் அந்தச் செட்டி மாதுவும் இல்லை.

ஆனால் எனக்கு வலிப்பது அவை போனதற்காக அல்ல. லயத்தை இடிப்பதற்கு முன் ஒரே ஒரு தடவை அந்தப் பக்கம் போனேன். கடை யார் யார் கைக்கோ மாறி, புதிதாக ஒருவர் நடத்திக்கொண்டிருந்தார். முனியம்மாவின் கடைசி மகள் அரிசி வாங்க நின்றாள். நன்றாக வளர்ந்துவிட்டாள், ஆனால் அவளுக்கு என்னை அடையாளம் தெரிந்தது. கடைக்காரர் உள்ளே போன நேரம் பார்த்து நான் டின்னை எடுத்துத் திருப்பப் போனேன். அவள் சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"திருப்பாதீங்க மாமா" என்றாள் மெதுவாக. "டின்ன மட்டும் திருப்பிப் பாக்கக் கூடாதுன்னு அம்மா சொல்லிருக்காங்க."