மெதுவா போங்க தம்பி

மலேசியாவின் பாசிர் கூடாங் தொழிற்சாலை பஸ்ஸில் ஓட்டுநருக்குப் பின் இருக்கை என்னுடையது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்தே, வளைவுக்கு வளைவு "மெதுவா போங்க தம்பி" என்று நான் சொல்லாவிட்டால் வண்டி கவிழ்ந்துவிடும் என்பது என் பயம்.

போன வருடம் மழையில் பஸ் சறுக்கிக் கால்வாயில் சாய்ந்தது. யாருக்கும் பெரிய அடியில்லை. ஆனால் எல்லோரும் அலறியபோது, நான் மட்டும் யாருக்கோ நடப்பதை டிவியில் பார்ப்பதுபோல் அமைதியாக உட்கார்ந்திருந்தேன். என் கணவருக்குப் பெருமை தாங்கவில்லை.

கிளினிக் டாக்டரம்மா பெருமைப்படவில்லை. "அந்த நேரத்துல மனசு இப்படி விலகிப் போனா, பயம் பின்னால வந்து ஒட்டிக்க வாய்ப்பு கூடுதல். எல்லாருக்கும் வராது. கெட்ட கனவு வந்தா, பஸ் ஏற முடியலன்னா, உடனே வாங்க" என்றார்.

இரண்டாம் படிவத்தோடு பள்ளியை விட்டவள் நான். கவலைப்பட மட்டும் படிப்பு தேவைப்பட்டதில்லை. பஸ் ஏற முடியாவிட்டால் வேலை போய்விடுமே என்று, டாக்டரம்மா கொடுத்த விடுப்பு முடியும்வரை என் கனவுகளுக்குக் காவல் இருந்தேன். ஒன்றும் வரவில்லை.

மறுபடி பஸ் ஏறிய நாளில் அதே வளைவு வந்தது. நெஞ்சு படபடத்தது. இந்த முறை அது என் நெஞ்சுதான்.

"மெதுவா போங்க தம்பி."

"அலமாக், அக்கா திரும்பி வந்துட்டாங்க லா" என்றார் ஓட்டுநர்.